தேய்ந்த குழலை மாற்றுதல்: ஒரு லீ-என்ஃபீல்டு நம்பர் 4 துப்பாக்கி பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வுக்குரிய துப்பாக்கி, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செய்யப்பட்ட லீ-என்ஃபீல்டு நம்பர் 4 மார்க் 1 வகையைச் சேர்ந்தது. அது .303 பிரிட்டிஷ் தோட்டாவைச் சுடுவது. அதன் குழல் 25.2 அங்குல நீளம் கொண்டது. உள்ளே ஐந்து காடிகள், அதாவது நீண்ட பள்ளங்கள், இடப்புறமாகச் சுழன்று, பத்து அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று வருமாறு வெட்டப்பட்டிருந்தன. உரிமையாளர் முறையான உரிமத்துடன் ஒரு சுடுதளத்தில் காகித இலக்குகளை 100 கஜத்தில், தொலைநோக்கி இல்லாமல், துப்பாக்கியின் சொந்தக் குறிகாட்டிகளைக் கொண்டே சுடுபவர். துப்பாக்கி அவர் கைக்கு வருவதற்கு முன் எத்தனை கைகள் மாறியது, எவ்வளவு சுடப்பட்டது என்பதற்குப் பதிவு எதுவும் இல்லை. போல்ட்டிலும் (குழலின் பின்பக்கத்தை அடைக்கும் நகரும் பூட்டு) உடற்பகுதியிலும் ஒரே வரிசை எண் இருந்தது. குழலில் பழைய ராணுவ ஆய்வு முத்திரைகள் தெளிவாகத் தெரிந்தன. பின்னர் எடுத்த முடிவுகளில் இந்த முத்திரைகளுக்கும் பங்கு இருந்தது.

உரிமையாளர், பட்டறைத் தொழிலர், சுடுதளப் பொறுப்பாளர் ஆகிய மூவரின் குறிப்புகளையும் ஒன்றாக வைத்து இந்தப் பதிவு எழுதப்பட்டுள்ளது.

முதலில் தென்பட்டவை

துளைகள் இலக்கில் பரவிக் கிடப்பதாகத்தான் உரிமையாளர் முதலில் முறையிட்டார். பழைய ராணுவத் துப்பாக்கியில் அது அரிதான முறையீடு அல்ல. குறிகாட்டியின் தளர்ச்சி, தோட்டாவின் தரம், சுடுபவரின் கை என்று அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் இலக்கு அட்டைகளை வாங்கிப் பார்த்த பொறுப்பாளரின் கண்ணில் பட்டது வேறு. சில துளைகள் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருந்தன. ஒன்றில் குண்டின் பக்கவாட்டு வடிவமே, மூக்கும் அடியும் அடையாளம் தெரியும் அளவுக்கு, காகிதத்தில் பதிந்திருந்தது. குண்டு மூக்கை முன்னிட்டுப் பறக்காமல் பக்கவாட்டில் புரண்டு சென்றால்தான் இப்படித் துளை விழும். கை நடுங்குவதாலோ குறி பிசகுவதாலோ குண்டு புரளாது. குழலின் காடிகள் குண்டைப் பிடித்துச் சுழற்றவில்லை, அல்லது முனையை விட்டு வெளிவரும் நொடியில் அது ஒரு பக்கமாகத் தள்ளப்படுகிறது என்பதே இதன் பொருள்.

துப்பாக்கி காலியாக இருப்பதை இருவர் தனித்தனியே உறுதி செய்த பிறகு, போல்ட்டைக் கழற்றிக் குழலின் உட்புறம் பார்க்கப்பட்டது. நடுப்பகுதி ஓரளவு பளபளத்தது. தோட்டா அறைக்கு அடுத்த தொண்டைப் பகுதி மங்கிச் சாம்பல் நிறமாக இருந்தது. அங்கே காடிகளுக்கு இடையிலுள்ள வரம்புகளின் கூர்மை மழுங்கியிருந்தது. முனையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது விளிம்பின் கீழ்ப்பாதியில், ஒரு பக்கமாக, வழவழப்பான சிறு பள்ளம் தென்பட்டது. நூல் கட்டிய துடைப்புத் துணியை முனை வழியே இழுக்கும்போது நேராக இழுக்காமல் ஒரு பக்கமாகச் சாய்த்து இழுத்தால், அந்த நூலே ஆண்டுக் கணக்கில் எஃகை அறுத்துவிடும். அக்காலப் பிரிட்டிஷ் படைகளில் இந்த நூல் இழுப்பே அன்றாடச் சுத்தத்தின் வழக்கமாக இருந்ததால், லீ-என்ஃபீல்டுகளில் இந்தத் தேய்மானம் அடிக்கடி காணப்படும்.

தொண்டையின் நிலைக்குக் காரணம் வேறு. பழைய .303 தோட்டாக்களில் நிரப்பப்பட்ட கார்டைட் என்னும் உந்துமருந்து மிகுந்த சூட்டுடன் எரிவது. அதன் தொடக்கக் கலவையில் நைட்ரோகிளிசரின் மட்டுமே பாதிக்கு மேல் இருந்தது. அந்தச் சூடு தொண்டைப் பகுதியை அரித்துவிடும். இதனுடன், அக்காலத் தோட்டாக்களின் பற்றுவாயில் (மருந்தைப் பற்றவைக்க அடியில் வைத்த சிறு மூடி) உள்ள கலவையில் இருந்த பொட்டாசியம் குளோரேட், சுட்ட பின் பொட்டாசியம் குளோரைடு உப்பாகக் குழலுக்குள் படியும். அது காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கும். எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். கொதிநீர் ஊற்றிக் கழுவும் பழைய ராணுவ வழக்கம் இதற்காக ஏற்பட்டதுதான். இந்தக் குழலின் பின்பகுதியில் இருந்த சிறு துருக்குழிகளைக் கண்டால், யாரோ அந்த வேலையைச் சில காலம் விட்டிருக்கிறார்கள் என்று ஊகிக்க முடியும்.

குழல்தான் காரணமா என்பதை உறுதி செய்தல்

உரிமையாளர் உடனே புதுக் குழலுக்குச் சொல்லிவிடலாம் என்றார். பட்டறைத் தொழிலர் அதற்கு உடன்படவில்லை. குழலை ஒருமுறை கழற்றிவிட்டால் துப்பாக்கி பழைய நிலைக்குத் திரும்பாது என்பதும், தவறான காரணத்துக்காகக் கழற்றினால் செலவும் முத்திரைகளின் மதிப்பும் ஒருசேரப் போகும் என்பதும் அவருடைய வாதம். அது நியாயமானது என்றே கருதுகிறேன்.

முதலில் குண்டு மாற்றிப் பார்க்கப்பட்டது. உரிமையாளர் பயன்படுத்தியவை அடிப்பகுதி குறுகிச் செல்லும், படகின் பின்புறம் போன்ற வடிவுள்ள நவீனக் குண்டுகள். ராணுவத்தின் மார்க் 7 தோட்டாவிலோ 174 கிரெயின் எடையுள்ள, அடி தட்டையான குண்டு இருந்தது. தட்டை அடியுள்ள குண்டு பின்னாலிருந்து வரும் வாயு அழுத்தத்தில் சற்று விரிந்து, தேய்ந்த காடிகளையும் ஓரளவு நிரப்பிக்கொள்ளும். குறுகிய அடியுள்ளது அப்படி விரியாமல் வாயுவைப் பக்கங்களில் கசியவிடும். தட்டை அடிக் குண்டுகளுக்கு மாறியதும் துளைகளின் பரவல் குறைந்தது. நீள்வட்டத் துளைகளும் குறைந்தன, ஆனால் முற்றிலும் நிற்கவில்லை. குழல் தேய்ந்திருக்கிறது என்பதற்கு இது வலுவான சான்று. எங்கே, எவ்வளவு என்பதற்கு அளவுதான் விடை தரும்.

அளக்க மென்மையான ஈயக் கட்டி பயன்படுத்தப்பட்டது. ஈயத்தைக் குழல் முழுவதும் தள்ளினால், வெளியே வரும் கட்டி குழலின் மிகக் குறுகிய இடத்தின் அளவைத்தான் காட்டும். தேய்ந்த முனையின் அளவு அதில் மறைந்துபோகும். ஆகவே முனையில் தனியாக ஒரு கட்டியைச் சிறிது தூரம் அடித்து இறக்கி, பின்பக்கத்திலிருந்து தட்டி அதே முனை வழியாக வெளியே எடுத்தார்கள். ஐந்து காடிக் குழலில் இன்னொரு சிக்கலும் உண்டு: ஒரு காடிக்கு நேர் எதிரே காடி இல்லை, வரம்புதான் இருக்கும். சாதாரண மைக்ரோமீட்டரின் இரண்டு தட்டை முகங்களுக்கு இடையே வைத்தால் காடியின் உண்மை விட்டம் கிடைக்காது. வி வடிவத் தாங்கியுள்ள மைக்ரோமீட்டர் வேண்டும். பட்டறையில் அது இருந்தது. குழல் முழுவதும் தள்ளிய கட்டி 0.313 அங்குலமும் முனையில் எடுத்த கட்டி 0.316 அங்குலமும் காட்டின. உரிமையாளரின் குண்டுகளின் விட்டமோ 0.311 அங்குலம்.

பின் குறிகாட்டி, முன் குறிமுனை, போல்ட்டின் பூட்டு முகங்கள், திருகுகளின் இறுக்கம் ஆகியவையும் பார்க்கப்பட்டன. அவற்றில் குறை இல்லை. முன்கட்டை, அதாவது குழலைத் தாங்கும் மரம், மேலோட்டமாகவே பார்க்கப்பட்டது. அதன் விளைவு பின்னால் வருகிறது.

முடிவும் அதன் காரணங்களும்

மூன்று வழிகள் பரிசீலிக்கப்பட்டன. முனையைச் சற்று வெட்டிப் புது விளிம்பு அமைப்பது, அல்லது வெட்டாமல் முனையின் உட்புறத்தை மட்டும் சிறிது ஆழத்துக்குக் குடைந்து, தேயாத இடத்திலிருந்து விளிம்பு தொடங்குமாறு செய்வது ஆகியவை முதல் வழியில் அடங்கும். சேதம் முனையோடு நின்றிருந்தால் குடைந்தெடுப்பதே போதும், வெளித்தோற்றமும் மாறாது. ஆனால் இங்கே தொண்டையும் போயிருந்தது. இரண்டாவது வழி, துப்பாக்கியை அப்படியே வைத்துவிட்டு, பெரிய விட்டமுள்ள குண்டுகளைத் தேடிச் சுடுவது. அது தொண்டை அரிப்பை ஈடு செய்யாது. மூன்றாவது, குழல் மாற்றம்.

குழல் மாற்றமே தேர்ந்தெடுக்கப்பட்டது. அதற்கு இரண்டு நிபந்தனைகள் வைக்கப்பட்டன. ஒன்று, பழைய குழலை வெட்டவோ கீறவோ கூடாது. அதன் முத்திரைகளுடன் துப்பாக்கியோடு சேர்த்து வைக்க வேண்டும். இரண்டாவது, எழுத்துபூர்வமான அனுமதி கிடைக்கும் வரை புதுக் குழலைக் கையில் வாங்கக் கூடாது. பல நாடுகளில் குழல் என்பது தனியாகவே உரிமம் தேவைப்படும் பாகம். பிரிட்டனில் குழல் மாற்றிய துப்பாக்கியை விற்பதற்கு முன் லண்டன் அல்லது பர்மிங்காமில் உள்ள புரூஃப் ஹவுஸ் எனப்படும் சோதனைக்கூடத்தில் மிகை அழுத்தத் தோட்டா கொண்டு சோதித்து முத்திரை பெறவும் வேண்டும். பொருள் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக அதை முதலில் வாங்கிவிட்டுத் தாள்களைப் பிறகு சரிசெய்வது, உரிமத்தையே இழக்கும் வழி.

போர்க்காலத்தில் செய்து பயன்படுத்தாமல் கெட்டியான கிரீஸில் வைத்திருந்த ஐந்து காடிக் குழல் ஒன்று தேர்வானது. இரண்டு காடிக் குழல் ஒன்றும் கிடைத்தது. போர்க்காலத்தில் உற்பத்தியை விரைவுபடுத்த அவ்வகைக் குழல்களும் அதிகாரபூர்வமாகவே செய்யப்பட்டன. அவை மட்டமானவை என்ற பேச்சு நியாயமற்றது. ஆயினும் இந்தத் துப்பாக்கியில் முதலில் இருந்தது ஐந்து காடி என்பதால் அதே வகை விரும்பப்பட்டது. கிரீஸை நீக்கியதும் அறையும் காடிகளும் துருவின்றி இருப்பது உறுதி செய்யப்பட்ட பின்னரே பழைய குழலில் கை வைக்கப்பட்டது.

கழற்றுதலும் பொருத்துதலும்

எண்பது ஆண்டுகள் இறுகிக் கிடந்த மரை எளிதில் இளகுவதில்லை. பழைய குழல் தேவையில்லை என்றால், லேத்தில் அதன் தோள்பட்டைக்கு முன்னால் ஒரு வளையம் வெட்டி இறுக்கத்தைத் தளர்த்திவிடலாம். முதல் நிபந்தனையால் அந்த வழி அடைபட்டது. ஊடுருவும் எண்ணெய் மரைமுகத்தில் பலமுறை விடப்பட்டு, ஊற நேரம் கொடுக்கப்பட்டது. குழலின் தடித்த பின்பகுதியைச் சுற்றி அளவாகக் குடைந்த உலோகக் கட்டைகளை வைத்து, வலுவான வைஸில் இறுக்கினார்கள். உடற்பகுதியைத் திருப்ப அதன் முன்வளையத்தில் மட்டும் பொருந்தும் ஸ்பானர் பயன்பட்டது. லீ-என்ஃபீல்டின் உடற்பகுதி நடுவில் தோட்டாப்பெட்டிக்காகத் திறந்திருப்பதால் நடுவிலோ பின்னாலோ பிடித்து முறுக்கினால் அது கோணிவிடும். கோணிய உடற்பகுதியைச் சரிசெய்வது நடவாத காரியம். ஒரு கட்டத்தில், ஸ்பானரின் கைப்பிடி வளைவது கண்ணுக்குத் தெரிந்தும் மரை அசையாதபோது, தொழிலர் நிறுத்திவிட்டு மறுபடி எண்ணெய் விட்டு விட்டுவைத்தார். அடுத்த முறை கூர்மையான ஒலியுடன் மரை விட்டது.

புதுக் குழலைத் திருகும்போது கவனிக்க வேண்டியது, அது எங்கே நிற்கிறது என்பது. முன் குறிமுனையின் அடித்தளம் குழலோடு இணைந்தது. குழல் முழு இறுக்கத்தில் நிற்கும் இடத்தில் அது நேர் மேலாக இல்லாவிட்டால் குறிமுனை சாய்ந்து நிற்கும். இந்த மரை அங்குலத்துக்கு 14 சுற்று. ஒரு முழுச் சுற்றுக்கு 0.071 அங்குலம் என்றால், 15 பாகை பிசகுவது 0.003 அங்குலத்துக்குச் சமம். ஒரு தலைமயிரின் தடிமனே ஏறத்தாழ அவ்வளவுதான். கையால் திருகியபோது உரிய இடத்துக்குச் சில பாகைகள் முன்பே புதுக் குழல் நின்றது. மீதியை ஸ்பானரின் இறுக்கம் எடுத்துக்கொண்டது. மிக முன்னதாக நின்றிருந்தால் தோள்பட்டையில் இழையளவு கடைய வேண்டியிருந்திருக்கும். உரிய இடத்தைத் தாண்டிச் சென்றிருந்தால் வேறு குழலே தேட வேண்டியிருந்திருக்கும்.

ஹெட்ஸ்பேஸ்

.303 தோட்டாவின் அடியில் வெளியே நீட்டிய விளிம்பு உண்டு. அந்த விளிம்பு குழலின் பின்முகத்தில் அமர்ந்திருக்கும். அந்தப் பின்முகத்துக்கும் போல்ட்டின் தலைக்கும் இடையிலுள்ள இடைவெளியே இங்கு ஹெட்ஸ்பேஸ் எனப்படுவது. பிரிட்டிஷ் ராணுவ அளவுப்படி 0.064 அங்குலக் கேஜின் (அளவுகாட்டித் துண்டின்) மேல் போல்ட் தடையின்றி மூட வேண்டும், 0.074 அங்குலக் கேஜின் மேல் மூடக் கூடாது. இடைவெளி மிகுந்தால் சுடும் நொடியில் தோட்டாக்கூடு நீண்டு, அடிக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரியலாம்.

நம்பர் 4 துப்பாக்கியில் போல்ட்டின் தலை தனியாகத் திருகிக் கழற்றக் கூடியது. அது 0, 1, 2, 3 என்று முத்திரையிட்ட நான்கு நீளங்களில் வந்தது. எண் ஒன்று கூடினால் நீளம் ஏறத்தாழ 0.003 அங்குலம் கூடும். இந்தத் துப்பாக்கியில் இருந்தது 2 எண் தலை. புதுக் குழலுடன் அது 0.064 கேஜின் மேல் மூட மறுத்தது. தலையின் முகத்தை அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு உரசிவிடலாம் என்று உரிமையாளர் கேட்டார். தொழிலர் மறுத்தார். எஃகின் மேற்பரப்பு கடினப்படுத்தப்பட்டது, உரசினால் அந்தப் படலம் போய்விடும். தவிர, சதுரமாக உரசப்படாத முகம் எந்த அளவிலும் நல்லதல்ல. 1 என்று முத்திரையிட்ட இரண்டு தலைகள் வரவழைக்கப்பட்டு, முத்திரையை நம்பாமல் மைக்ரோமீட்டரால் அளக்கப்பட்டன. அவற்றின் நீளங்கள் ஒன்றல்ல, குட்டையானது பொருந்தியது. வெற்றுக் கூட்டை வெளியே இழுக்கும் இழுப்பானைக் கழற்றிவிட்டு, போல்ட்டின் கைப்பிடியை விரல் நுனியால் மட்டும் அழுத்தி மூடியபோது 0.064 கேஜ் ஏற்றது, 0.074 ஏற்கவில்லை. பூட்டு முகங்கள் இரண்டிலும் நீலச் சாயம் பூசி மூடித் திறந்து, இரண்டும் சமமாகத் தொடுவதும் பார்க்கப்பட்டது.

மாவுசர் 98 வகைத் துப்பாக்கிகளை வைத்திருப்போர் இந்த வழியை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அவற்றில் போல்ட்டின் தலை தனியானது அல்ல; பெரும்பாலும் அறையைச் சற்றுக் குறைவாக வெட்டிய குழலைப் பொருத்தி, பின் அறையை வேண்டிய ஆழத்துக்கு வெட்டி இடைவெளியைச் சரிசெய்வார்கள்.

சுட்டுப் பார்த்ததும் எதிர்பாராத சிக்கலும்

முதல் சுடுகை கையில் பிடித்து நடத்தப்படவில்லை. துப்பாக்கியைத் தாங்கியில் கட்டி, தடுப்புக்குப் பின்னாலிருந்து கயிற்றால் விசை இழுக்கப்பட்டது. ஒவ்வொரு வெற்றுக் கூட்டையும் எடுத்து, அடிக்கு மேலே பளபளக்கும் வளையம் தெரிகிறதா, பற்றுவாய் பின்னுக்குத் தள்ளியிருக்கிறதா என்று பார்த்தார்கள். இரண்டும் இல்லை.

அதன் பிறகு 100 கஜத்தில் சுட்டபோது நீள்வட்டத் துளை ஒன்றுகூட விழவில்லை. ஆனால் துளைகள் கூட்டமாகச் சேராமல், ஒன்றின் மேல் ஒன்றாக மேல்நோக்கி ஏறிச் சென்றன. குழல் சூடேறச் சூடேற ஏற்றமும் மிகுந்தது. குழல் புதிது, தோட்டா மாறவில்லை. உரிமையாளர் புதுக் குழலையே சந்தேகித்தார்; அது இயல்பு. தொழிலர் மேல்கட்டையை எடுத்துவிட்டு, குழலுக்கும் முன்கட்டைக்கும் இடையே ஒரு தாள் நறுக்கை நுழைத்து இழுத்தார். நடுவழியில் தாள் சிக்கி நின்றது.

நம்பர் 4 துப்பாக்கியின் குழல் பின்பகுதியில் மரத்தில் முழுமையாக அமர வேண்டும். முன்முனைக்கருகே மரம் அதைச் சில பவுண்டு விசையுடன் மேல்நோக்கித் தாங்க வேண்டும். இடைப்பட்ட தூரத்தில் எங்கும் தொடக் கூடாது. இந்த முன்கட்டை நடுவில் ஒரு பக்கமாக வளைந்து குழலைத் தொட்டுக்கொண்டிருந்தது. முனையில் தாங்கும் விசையோ ஏறக்குறைய இல்லை. சூடேறிய குழல் நீளும்போது அந்தத் தொடுமுனை அதை மேலே தள்ளியது. மேலும், சுடும்போது வரும் பின்னுதைப்பைத் தாங்கும் மரத்தின் பின்முகங்கள் நசுங்கி, ஒவ்வொரு சுடுகையிலும் முன்கட்டை சற்று நகர்வதும் தெரிந்தது. நசுங்கிய இடங்களில் கடின மரத்துண்டுகள் ஒட்டி மட்டம் செய்யப்பட்டன. குழலில் நீலச் சாயம் பூசி மரத்தில் அமர்த்தி, சாயம் ஒட்டிய இடங்களை மட்டும் கொஞ்சங்கொஞ்சமாகச் சுரண்டி நடுப்பகுதி விடுவிக்கப்பட்டது. முனைக்கருகே மெல்லிய மரப்பட்டை ஒட்டித் தாங்கும் விசை மீட்கப்பட்டது. குழல் பொருத்தியதைவிட இந்த வேலைக்கே அதிக நேரம் சென்றது.

விளைவு

மரவேலைக்குப் பின் துளைகளின் ஏற்றம் நின்றது. தட்டை அடிக் குண்டுகளுடன் 100 கஜத்தில் துளைகள் மூன்று அங்குல அளவுக்குள் அடங்கின. இந்த வகைத் துப்பாக்கிக்கும் அதன் குறிகாட்டிகளுக்கும் இது நல்ல நிலை. படகடிக் குண்டுகளும் இப்போது ஒழுங்காகவே பறந்தன. துளைக்கூட்டம் குறியைவிட உயரத்தில் விழுந்ததால் முன் குறிமுனை மாற்றப்பட்டது. அக்குறிமுனைகள் 0.015 அங்குல இடைவெளியில் பல உயரங்களில் செய்யப்பட்டவை; ஒரு படி உயரமானதைப் பொருத்தினால் 100 கஜத்தில் துளை ஏறத்தாழ 2 அங்குலம் கீழே இறங்கும். இரண்டு படிகள் போதுமானதாக இருந்தன.

பழைய குழலும் 2 எண் போல்ட் தலையும் எண்ணெயிட்டு, துப்பாக்கியின் வரிசை எண் எழுதிய சீட்டுடன், உரிமப் பதிவில் சேர்க்கப்பட்டுத் துப்பாக்கியோடு பாதுகாக்கப்படுகின்றன.

மறுமுறை செய்தால் மாற்ற வேண்டியவை

முன்கட்டையின் ஆய்வு முதலிலேயே நடந்திருக்க வேண்டும். தாள் நறுக்கைக் கொண்டு செய்யும் சோதனைக்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். அது குழல் மாற்ற வேண்டும் என்ற முடிவை மாற்றியிருக்காது, ஏனெனில் புரண்ட குண்டுகளுக்கு மரம் காரணமாக முடியாது. ஆனால் பரவலில் எவ்வளவு குழலால், எவ்வளவு மரத்தால் என்பது முன்பே பிரிந்திருக்கும், புதுக் குழலின் மீதான வீண் சந்தேகமும் எழுந்திருக்காது.

போல்ட் தலைகளை, குழல் பொருத்திய பிறகு தேடாமல், குழல் வாங்கும்போதே வெவ்வேறு எண்களில் இரண்டு மூன்று அளந்து வைத்துக்கொள்வது நல்லது. ஒரு தலைக்காகத் துப்பாக்கி பட்டறையில் நெடுநாள் காத்துக் கிடந்தது.

நூல் இழுப்பு நிறுத்தப்பட்டு, பின்பக்கத்திலிருந்து நுழைக்கும் வழிகாட்டியுடன் கூடிய ஒற்றைத் துண்டுக் கம்பி பயன்பாட்டுக்கு வந்துள்ளது. புதுக் குழலின் முனையில் எடுத்த ஈயக் கட்டி, தேதி எழுதிய உறையில் பதிவேட்டுடன் வைக்கப்பட்டிருக்கிறது. பழைய குழலுக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால், தேய்மானம் எப்போது தொடங்கியது என்ற கேள்விக்கு ஊகத்தை நாட வேண்டியிருந்திருக்காது.